காங்கிரஸைத் தொடங்கியவர் ஆளில்லாத் தீவில் என்ன தேடினார்? ஏ.ஓ. ஹியூமின் இன்னொரு வாழ்க்கை

ஒரகடத்தில் நைட் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து போனைத் திறந்தால், அந்தமான் டூர் விளம்பரம் ஒன்றாவது கண்ணில் படும். நீலக் கடல், பவளப்பாறை, எரிமலைத் தீவு. அந்த எரிமலைத் தீவின் பெயர் பேரன். இந்தியாவில் இன்னும் உயிரோடு இருக்கும் எரிமலை அது ஒன்றுதான். கப்பலில் இருந்தபடி சுற்றிப் பார்க்கலாம், இறங்க முடியாது. அதற்கும் வடகிழக்கே, கிட்டத்தட்ட மியான்மர் பக்கமாக, இன்னொரு எரிமலைத் தீவு தனியாக நிற்கிறது. பெயர் நார்கொண்டம். அது எந்த டூர் பேக்கேஜிலும் வராது.

இந்த இரண்டு தீவுகளுக்கும் 1873 மார்ச் மாதத்தில் ஒரு கப்பல் போனது. அதில் இருந்தவர்கள் ஊர் சுற்ற வந்தவர்கள் இல்லை. துப்பாக்கி, பஞ்சு, ஆர்செனிக் சோப்பு, பெயர்ச்சீட்டு எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு பறவை பிடிக்கப் போனவர்கள். கூட்டத்துக்குத் தலைவர் ஒரு பெரிய அரசு அதிகாரி. எல்லோருக்கும் பள்ளிக்கூடத்திலேயே தெரிந்த பெயர்தான்: ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1885-ல் இந்திய தேசிய காங்கிரஸ் தொடங்கியதில் முன்னால் நின்றவர். ஒரு மார்க் கேள்விக்கு அந்த ஒரு வரி போதும். ஆனால் அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதி அரசியலில் போகவில்லை, பறவைகளில்தான் போனது.

டாக்டர் ஆக வேண்டியவரா?

ஹியூம் பிறந்தது 1829-ல், இங்கிலாந்தில். அப்பா ஜோசப் ஹியூம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அரசின் வீண் செலவை விடாமல் கேள்வி கேட்ட தீவிரச் சீர்திருத்தவாதி. மகன் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஹெய்லிபரி கல்லூரியில் படித்தார். பிறகு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் மருத்துவமும் அறுவை சிகிச்சையும் கற்றார். டாக்டராகத் தொழில் செய்யவில்லை. ஆனாலும் கத்தி பிடிக்கப் பழகிய அந்தக் கை, பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான பறவைத் தோல்களோடு பழகும்போது வீணாகியிருக்காது.

1849-ல் இந்தியா வந்து வங்காள சிவில் சர்வீஸில் சேர்ந்தார். வேலை, இன்றைய உத்தரப்பிரதேசத்தில் உள்ள எட்டாவா மாவட்டத்தில். அங்கே அவர் முதலில் கையில் எடுத்தது பள்ளிக்கூடம். 1857 தொடக்கத்தில் அந்த ஒரு மாவட்டத்தில் 181 பள்ளிகள், 5,186 மாணவர்கள். அதில் பெண் குழந்தைகள் இரண்டே பேர். சாராய வரியில் வரும் அரசு வருமானத்தை அவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். மேலிடத்துக்கு அது ரசித்திருக்க வாய்ப்பில்லை.

அதே ஆண்டு மே மாதம் சிப்பாய்க் கலகம் வெடித்தது. ஹியூம் ஆக்ரா கோட்டைக்குள் தஞ்சம் புகுந்து சுமார் 6 மாதம் இருந்தார். பிறகு எட்டாவா திரும்பி, உள்ளூர் ஆட்களை வைத்தே ஒரு படை திரட்டி கலகத்தை அடக்கினார். சுற்று வட்டாரத்தில் மற்ற அதிகாரிகள் கண்ணில் பட்டவர்களை எல்லாம் தூக்கில் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஹியூமின் உத்தரவில் தூக்கிலிடப்பட்டவர்கள் 7 பேர். ஏழும் உயிர்தான். ஆனாலும் அந்தக் காலக் கணக்கில் அவர் இரக்கமுள்ள அதிகாரி என்றே பெயர் வாங்கினார். 1860-ல் அரசு அவருக்குப் பட்டமும் கொடுத்தது.

அதுவரை சேர்த்து வைத்திருந்த பறவை மாதிரிகளும் குறிப்புகளும் அந்தக் கலகத்தில் போயே போயின. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

வேலி ஓரமாக ஒரு பறவை வேட்டை

1867-ல் ஹியூம் உள்நாட்டுச் சுங்கத் துறை ஆணையர் ஆனார். தமிழ் வாசகர்களில் சிலருக்கு ராய் மாக்ஸம் எழுதிய, தமிழிலும் வந்திருக்கும் உப்பு வேலி புத்தகம் ஞாபகம் வரலாம். உப்பு கடத்தலைத் தடுக்க, சிந்து நதிப் பக்கமிருந்து தொடங்கி சுமார் 4,000 கிலோமீட்டர் நீளத்துக்கு பிரிட்டிஷார் போட்ட சுங்கக் கோடு அது. அதில் பெரும்பகுதி முள்வேலி. காய்ந்த முள்ளைக் குவித்து வைத்திருந்த வேலியை, உயிருள்ள செடிகளால் ஆன பச்சை வேலியாக மாற்றும் வேலையில் முக்கியப் பங்கு ஹியூமுடையது. ஏழையின் கஞ்சியில் விழும் உப்புக்கு வரி வாங்க செடி நட்டவரும் இவர்தான், அடுத்து இந்தியர்களின் குரலுக்கு மேடை போட்டவரும் இவர்தான். இந்த முரணை ஒளித்துவிட்டு ஹியூமைப் பற்றி எழுத முடியாது.

வேலியை மேற்பார்வை பார்க்க மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போக வேண்டும். போகிற வழியெல்லாம் பறவைதான். அலுவலக வேலையும் பொழுதுபோக்கும் ஒரே பாதையில் போனது அப்போதுதான் ஆரம்பித்தது.

1871-ல் வைஸ்ராய் மேயோ பிரபு வருவாய், வேளாண்மை, வணிகம் ஆகியவற்றுக்கென்று தனித் துறை உருவாக்கினார். இன்றைய மத்திய வேளாண் அமைச்சகத்துக்கு முன்னோடி என்று சொல்லலாம். அதன் செயலாளர் ஹியூம். சிம்லாவில் ராத்னி கேஸில் என்ற பெரிய வீட்டை வாங்கி, அதிலேயே பறவை மியூசியம் அமைத்தார். சொந்தச் செலவில் ஸ்ட்ரே ஃபெதர்ஸ் என்ற பறவையியல் இதழைத் தொடங்கினார். போலீஸ் அதிகாரி, ராணுவ டாக்டர், காட்டிலாகா ஆள், தோட்டத் துரை என்று நாடு முழுக்க இருந்து குறிப்புகளும் மாதிரிகளும் அவருக்கு வந்து குவிந்தன. பிடிக்காதவர்கள் அவருக்கு இந்தியப் பறவையியலின் போப் என்று பட்டம் கட்டினார்கள். தான் சொன்னதே முடிவு என்கிற ஆள் என்று அர்த்தம்.

1873: கப்பல் எங்கே போனது?

துறையை உருவாக்கிய மேயோ, 1872 பிப்ரவரி 8 அன்று போர்ட் பிளேரில் ஷேர் அலி என்ற ஆயுள் கைதியால் குத்திக் கொல்லப்பட்டார். இந்தியாவில் பதவியில் இருக்கும்போது கொல்லப்பட்ட ஒரே வைஸ்ராய் அவர். அதற்குச் சரியாக 13 மாதம் கழித்து, அதே அந்தமான் பக்கம் ஹியூம் கப்பல் ஏறினார்.

கூட வந்தவர்கள் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிலிருந்து ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்காவும் வாலண்டைன் பாலும். கல்கத்தா இந்தியன் மியூசியத்திலிருந்து ஜேம்ஸ் வுட்-மேசன். டூகல் என்ற டாக்டர் ஒருவர். ஒருவருக்குப் பாறை, ஒருவருக்கு நத்தையும் சிப்பியும், ஒருவருக்கு நண்டும் பூச்சியும், ஹியூமுக்குப் பறவை. இன்றைக்கு எக்ஸ்பெடிஷன் க்ரூஸ் என்ற பெயரில் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, விஞ்ஞானிகளையும் கூடவே ஏற்றி அண்டார்டிகாவுக்கும் கலாபகஸுக்கும் கூட்டிப்போகிறார்களே, அதன் பழைய வடிவம் கிட்டத்தட்ட இதுதான். ஒரே வித்தியாசம், இன்று கேமரா இருக்கும் இடத்தில் அன்று துப்பாக்கி இருந்தது.

நார்கொண்டம் ஒரு சின்ன இடம். பரப்பளவு சுமார் 6.8 சதுர கிலோமீட்டர். ஏக்கர் கணக்கில் 1,700 கூட வராது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சிப்காட் வளாகத்துக்கு ஒதுக்குகிற நிலம் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நிலம் கடலுக்கு நடுவே 710 மீட்டர் உயரத்துக்கு நெட்டுக்குத்தாக எழும்பி நிற்கிறது. அடி முதல் உச்சி வரை காடு. கரை பெரும்பாலும் பாறை. படகை ஒதுக்க இடம் குறைவு. நரக குண்டம் என்ற சொல்லே மருவி நார்கொண்டம் ஆனது என்று சொல்வதுண்டு. உண்மையில் புகை விடுவது தெற்கே இருக்கும் பேரன் தீவுதான். நார்கொண்டம் உறங்கும் எரிமலை.

அந்தக் காட்டில் ஹியூம் பார்த்த பறவை இருவாச்சி. வால்பாறையிலோ ஆனைமலையிலோ இருவாச்சி பறப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்ப்பதற்கு முன்பே இறக்கைச் சத்தம் கேட்டுவிடும். ஆனால் நார்கொண்டத்தில் இருப்பது வேறு இனம். உடல் சின்னது. ஆணுக்குத் தலையும் கழுத்தும் செம்பழுப்பு, பெண் முழுக்கக் கறுப்பு, இரண்டுக்கும் வால் வெள்ளை. அந்தமானின் மற்ற எந்தத் தீவிலும் இருவாச்சியே கிடையாது. பக்கத்தில் மியான்மரில் வேறு இருவாச்சிகள் உண்டு, இது இல்லை. உலகத்திலேயே இந்தப் பறவை இருப்பது இந்த ஒரு மலை மேல் மட்டும்தான். அதே ஆண்டு ஸ்ட்ரே ஃபெதர்ஸில் தீவின் பெயரையே வைத்து ஹியூம் இந்த இனத்தை உலகத்துக்கு அறிவித்தார். அந்தமான் கிளுவை, அந்தமான் பக்கி என்ற இரண்டு பறவைகளுக்கும் முதல் அறிவியல் விவரிப்பு அவர் எழுதியதுதான், அதுவும் 1873-ல்தான்.

அந்தக் காலத்தில் ஒரு பறவையைப் பதிவு செய்வது எப்படி? முதலில் சுட வேண்டும். வெயிலில் அழுகும் முன்பே தோலை இறகோடு உரிக்க வேண்டும். உள்பக்கம் ஆர்செனிக் சோப்பு தடவி, பஞ்சு அடைத்து, கால்களைச் சேர்த்துக் கட்டி, ஒரு சீட்டில் இடம், தேதி, ஆணா பெண்ணா என்று எழுதித் தொங்கவிட வேண்டும். அந்தச் சீட்டு இல்லாத தோல் வெறும் தோல். சீட்டு இருந்தால் அது ஆவணம். ஆடிக்கொண்டிருக்கும் கப்பலில், மார்ச் மாதப் புழுக்கத்தில், தினம் தினம் இந்த வேலைதான்.

ஒரே ஒரு தீவில் மட்டும் வாழும் பறவையைச் சுட்டு எடுத்துப் போனது நியாயமா என்று இன்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் தொலைநோக்கியில் பார்த்தேன் என்று மட்டும் சொல்லியிருந்தால், அன்று லண்டனில் யாரும் அதைப் புது இனமாக ஏற்றிருக்க மாட்டார்கள். ஒரு உயிரினத்துக்குப் பெயர் இருந்தால்தான் பின்னால் அதைக் காப்பாற்றச் சட்டம் போட முடியும். ஹியூம் அன்று அப்படி எல்லாம் யோசித்துச் சுட்டார் என்று சொல்வது மிகை. அவருக்கு வேண்டியது மாதிரி. சட்டத்துக்கு அது உதவியது பிற்பாடு.

பயணத்தைப் பற்றி அவர் எழுதியது ஒரு சின்ன கட்டுரை இல்லை. 1874-ல் அதே இதழில் வங்காள விரிகுடாத் தீவுகளைப் பற்றி கிட்டத்தட்ட 300 பக்கம் எழுதினார். அந்தமான், நிகோபார் பறவைகளைப் பற்றி ஆராய்பவர்கள் இன்றும் அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. கூட வந்த ஸ்டோலிக்ஸ்கா அந்த ஆண்டு உயிரோடு இல்லை. யார்க்கண்ட் பயணம் முடித்துத் திரும்பும் வழியில், 1874 ஜூனில், லடாக்கின் உயரமான மலைப்பகுதியில் இறந்துபோனார். வயது 36.

அடுத்த கடல் பயணம் 1875-ல், லட்சத்தீவுக்கு. கிளைட் என்ற அரசு சர்வே கப்பல். அதிகாரப்பூர்வ வேலை, கலங்கரை விளக்கம் கட்ட இடம் பார்ப்பது. கூடவே கடல் ஆழத்தையும் அளந்தார்கள். லட்சத்தீவுக்கும் இந்தியக் கரைக்கும் நடுவே ஆழ்கடல் இருப்பது அதில் தெரிந்தது. பறவையும் சேர்ந்தது, சொல்லவே வேண்டாம்.

பழைய பேப்பர் கடைக்குப் போன 25 வருஷம்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர் ஹியூம். அரசின் கொள்கையில் தப்பு என்று பட்டால் எழுதிவிடுவார். லிட்டன் பிரபு காலத்தில், 1879-ல், செயலாளர் பதவி பறிபோனது. அலகாபாத்துக்கு வருவாய் வாரியத்தில் போட்டார்கள். அப்ரைசலில் ரேட்டிங் குறைத்து வேறு பிளான்டுக்கு மாற்றுவது மாதிரிதான். 1882-ல் ஓய்வு பெற்றார்.

அதற்கு முந்தைய ஆண்டு மணிப்பூருக்குக் கடைசியாக ஒரு பறவைப் பயணம். அங்கே ஒரு புதர்க்காடை புல்லுக்குள் ஒளிந்துகொண்டது. அதைப் பிடிக்க ஒரு பெரிய புல்வெளியையே ஆட்களை வைத்து வெட்ட வைத்தார். அப்படிக் கிடைத்த மணிப்பூர் புதர்க்காடை அதன்பின் மிக அபூர்வமாகிவிட்டது. பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல், 2006-ல் அசாமில் மறுபடி தென்பட்டதாகச் செய்தி வந்தது.

இதே காலத்தில்தான் அவர் பிளாவட்ஸ்கி அம்மையாரோடு பழகி தியாசபிகல் சொசைட்டியில் சேர்ந்திருந்தார். அந்தச் சங்கம்தான் பின்னர் சென்னை அடையாற்றில் தலைமையகம் அமைத்தது. அவர்களோடு உறவு நீடிக்கவில்லை, சண்டை போட்டுக்கொண்டு விலகிவிட்டார். ஆனால் ஒரு விஷயம் ஒட்டிக்கொண்டது. ஹியூம் அசைவத்தை விட்டார். பறவையைச் சுடுவதையும் விட்டார். 1881-ல் காடைக்காகப் புல்வெளியை வெட்டியவரா இவர் என்று தோன்றும். ஆமாம், அவரேதான்.

இந்தியப் பறவைகள் எல்லாவற்றையும் பற்றி ஒரே பெரிய நூல் எழுதுவது அவருடைய கனவு. கால் நூற்றாண்டு காலக் குறிப்புகள் சிம்லா வீட்டில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒரு குளிர்காலம் சமவெளிக்குப் போய்த் திரும்பி வந்தபோது பெரும்பகுதியைக் காணோம். வீட்டு வேலையாள் ஒருவர் அதையெல்லாம் எடுத்து சிம்லா பஜாரில் பழைய பேப்பர் விலைக்குப் போட்டுவிட்டார். எடை கணக்கில் பல நூறு கிலோ. ஜெராக்ஸ் கிடையாது, பேக்கப் கிடையாது. எந்தக் கடையில் எந்தப் பொட்டலத்தைச் சுற்ற அந்தக் காகிதம் போனதோ. போதாக்குறைக்கு மழையில் மண் சரிந்து மியூசியத்துக்கும் சேதம். அந்த அடியிலிருந்து பறவையியலாளர் ஹியூம் எழுந்திருக்கவே இல்லை.

1885-ல் தன் சேகரிப்பு முழுவதையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். பொதிந்து எடுத்துப்போக பவுட்லர் ஷார்ப் லண்டனிலிருந்து சிம்லாவுக்கு வந்தார். சுமார் 82,000 மாதிரிகள். அதில் முட்டைகள் மட்டும் 18,500. தேவதாரு மரத்தில் செய்த 47 பெரிய பெட்டிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை டன், மலைப்பாதையில் இறங்கின. நாட்டின் பறவைச் செல்வம் அப்படியே லண்டனுக்குப் போய்விட்டதே என்று இன்று வருத்தப்படலாம். ஆனால் பூச்சி அரித்ததால் ஆயிரக்கணக்கான தோல்களை ஹியூமே அதற்கு முன் அழித்திருந்தார். சிம்லாவிலேயே கிடந்திருந்தால் மீதியும் தேறியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

அதே ஆண்டு டிசம்பர் 28

பறவைகள் கப்பல் ஏறிய அதே 1885-ல்தான் காங்கிரஸ் பிறந்தது. பம்பாய், கோகுல்தாஸ் தேஜ்பால் சம்ஸ்கிருதக் கல்லூரி, 72 பிரதிநிதிகள். முதல் தீர்மானத்தை முன்மொழிந்தது நம்ம ஊர் ஜி. சுப்பிரமணிய ஐயர். இந்தியர்களின் கோபத்துக்கு ஒரு வடிகால் வேண்டும், இல்லையென்றால் இன்னொரு 1857 வரும் என்பதும் ஹியூமின் கணக்கில் இருந்தது. அதனால் அவரை பிரிட்டிஷ் அரசின் கையாள் என்று விமர்சிப்பவர்கள் உண்டு. அதே அரசு அவரை ராஜத் துரோகியாகப் பார்த்ததும் உண்மை.

மூன்றாவது மாநாடு 1887-ல் சென்னை ஆயிரம் விளக்கில் நடந்தது. அதையொட்டி காங்கிரஸ் என்றால் என்ன என்பதைக் கேள்வி-பதிலாக விளக்கும் சிறு புத்தகத்தை வீரராகவாச்சாரியார் தமிழில் எழுதினார். அது ஊர் ஊராகப் பரவியது. ஹியூம் பல ஆண்டுகள் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்து, சொந்தப் பணத்தையும் அதில் கரைத்தார். சாதாரண விவசாயியிடம் துண்டுப் பிரசுரத்தோடு போக வேண்டும் என்ற அவரது வேகம், கட்சியில் இருந்த பெரிய மனிதர்கள் சிலருக்கே பிடிக்கவில்லை.

1894-ல் இந்தியாவை விட்டுப் போனார். லண்டனில் மறுபடி பறவைப் பக்கம் திரும்பவில்லை. செடி கொடிகளைச் சேர்க்க ஆரம்பித்தார். 1910-ல் தன் பணத்தில் தெற்கு லண்டன் தாவரவியல் நிறுவனத்தைத் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது. 1912 ஜூலை 31 அன்று, 83 வயதில், ஹியூம் இறந்தார்.

அந்தப் பறவை இப்போது எப்படி இருக்கிறது?

நார்கொண்டம் 1977-ல் வனவிலங்கு சரணாலயம் ஆனது. குடியிருப்பு கிடையாது, ஒரு போலீஸ் காவல் முகாமும் கலங்கரை விளக்கமும் உண்டு. முகாமுக்காகக் கொண்டுவந்த ஆடுகள் பெருகி இளங்கன்றுகளை மேய்ந்து காட்டைக் கெடுத்தன. பிறகு அவை அகற்றப்பட்டன. கடலோரக் காவல் படை ரேடார் நிலையம் அமைக்க அனுமதி கேட்டபோது, 2012-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெயந்தி நடராஜன் மறுத்தார். சொன்ன காரணம் இந்த இருவாச்சி. ஆட்சி மாறியதும் 2014-ல் அனுமதி கிடைத்தது. எதிரே மியான்மரின் கோகோ தீவு இருப்பதால் பாதுகாப்பு வாதத்தையும் சும்மா தள்ளிவிட முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வாளர்கள் தீவில் தங்கி எண்ணிப் பார்த்ததில், சுமார் 1,000 இருவாச்சிகள் இருக்கலாம் என்று தெரிந்தது. பழைய கணக்குகளைவிட இது நல்ல செய்தி. அந்த ஆயிரம்தான் உலகத்தின் மொத்தக் கணக்கும். ஒரு பெரிய புயலோ, கப்பலிலிருந்து இறங்கும் எலியோ, புது நோயோ வந்தால் ஒதுங்க வேறு தீவு கிடையாது. அதனால்தான் சுற்றுலாக் கப்பல்கள் பேரன் தீவைச் சுற்றிக் காட்டுவதோடு திரும்பிவிடுகின்றன. நார்கொண்டத்தில் காலடி வைக்க வேண்டுமென்றால் வனத்துறையின் தனி அனுமதி வேண்டும். ஹியூமின் தொகுப்பு உட்பட லண்டன் மியூசியத்தின் பறவைத் தோல்கள் இப்போது டிரிங் என்ற ஊரில் இழுப்பறைகளில் இருக்கின்றன, காலில் கட்டிய சீட்டோடு.